போளூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள்

(படவேட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வட்டாரத்தில் ஆசிரியையாக வேலை பார்த்த ஓர் அம்மையாரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் இந்த அறக்கட்டளையை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில் இருக்கிறார்கள். “பிழைக்கப் போன இடத்தில் விசுவாசம் எப்படிக் கைகொடுக்கிறது என்று பேசுங்கள் சார், நம்ம பக்கத்து ஜனங்களை வைத்தே பேசுங்கள்” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டார்கள். ரேணுகாம்பாள் அம்மன் ஊரில் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேச்சா என்று யாராவது நினைத்தால், நான் அம்மனிடமிருந்தே தொடங்குகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்குத் தெற்கே இசிப்பிங்கோ என்று ஓர் இடம். அங்கே ஒரு மாரியம்மன் கோயில். ஆடி வெள்ளியில் இங்கே எத்தனை கூட்டமோ அப்படி ஒரு கூட்டம் அங்கேயும் கூடும். ஆனால் கூடுவது ஆடியில் இல்லை, புனித வெள்ளியன்று. கிறிஸ்தவர்கள் சிலுவைப்பாட்டை நினைத்துக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் அதே நாளில், பல்லாயிரம் இந்துக் குடும்பங்கள் அம்மனுக்குப் பொங்கல் வைக்கின்றன. காரணத்தில் தத்துவம் ஒன்றும் கிடையாது. கரும்புத் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்த ஜனங்களுக்குச் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது ஈஸ்டரை ஒட்டித்தான். முதலாளியின் பண்டிகையில் கூலிக்காரர் தம் பண்டிகையை வைத்துக்கொண்டார். தலை உருவில் நாம் இங்கே கும்பிடும் ரேணுகையின் கதையும் மாரியம்மன் கதையும் ஒன்றோடொன்று பின்னியவை. அந்தக் கதையைச் சுமந்து போனவர்களில் நம் வட ஆர்க்காட்டு ஜனங்கள் நிறையப் பேர். புது மண்ணில் சாமி எப்படிக் குடியேறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. சாமி வேறானாலும் கிறிஸ்தவர் கதையும் இதே தோட்டத்தில்தான் நடந்தது.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் 342 பேரை இறக்கியது. அன்று தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சென்னை வழியாகப் போனவர்கள். சென்னை மாகாணத்தில் ஆள் அனுப்பிய மாவட்டங்களில் வட ஆர்க்காடு முன்வரிசையில் நின்றது. ஏன் என்று கேட்டால், 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தைச் சொல்ல வேண்டும், அதற்கு முன்பும் பின்பும் மானாவாரி நிலம் செய்த துரோகத்தைச் சொல்ல வேண்டும், பண்ணையில் பட்ட கடனைச் சொல்ல வேண்டும். பசித்தவன் வாசலுக்கு ஆள்பிடிக்கிறவன் வந்தான். அவ்வளவுதான்.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். ரேஷன் உண்டு. தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் போனால் பிடித்து உள்ளே போடுவார்கள்.

அந்தக் கப்பல்களின் ஆள் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. மாணவர்கள் ஒருமுறை அவற்றைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. முதலில் ஓர் எண். அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் மச்சம், இப்படி. மாட்டுச் சந்தையில் பல்லையும் சுழியையும் பார்த்து எழுதுகிற மாதிரி. ஓடிப்போனால் பிடிப்பதற்குத் தழும்பு வேண்டுமல்லவா? இதில் சாதி என்ற கட்டத்தைக் கவனியுங்கள். ரெட்டி, வன்னியர், பறையர் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு வரியில் அந்தக் கட்டத்துக்குள் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதியிருக்கும். எழுதிய குமாஸ்தாவுக்கு அதுவும் ஒரு சாதி. எழுதச் சொன்னவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஊரில் சேரிக்குப் போகிற பாதையை வைத்தே ஆளை அளந்தார்கள். கப்பலேறுமுன் தங்க வைத்த டிப்போவில் ஒரு குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து “என்ன சாதி?” என்று கேட்கிறபோது, சொல்லிக்கொள்ள வேறொரு பதில் கையில் இருந்தது. என் கணக்கில், அந்த மனிதருக்கு விசுவாசம் செய்த முதல் உதவி இதுதான். மோட்சத்தைப் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

பட்டியலில் கிறிஸ்தவர்கள் மிகக் கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சப் பேருக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருந்தது. வட ஆர்க்காட்டில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் அதைத் தொடங்கினார்கள். சேத்துப்பட்டுப் பக்கம் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருமார்கள் உழைத்தார்கள், தர்ராஸ் சாமியார் பெயர் இங்கே பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்தச் சபைகளில் ஒரு கிராமத்தான் கற்றுக்கொண்டது வேத வசனம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரத்தில் ஓரிடத்தில் கூடுவது, வாரம் ஒரு கைப்பிடி அரிசியோ காலணாவோ காணிக்கையாக எடுத்து வைப்பது, பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது, ஒருவர் செத்தால் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டுக் கல்லறைக்குப் போவது ஆகியவற்றையும் அவன் கற்றான். கடல் தாண்டியபோது இந்தப் பழக்கங்கள் கூடவே வந்தன. வைப்பதற்குப் பெட்டியில் இடம் தேடத் தேவையில்லை.

நேட்டாலில் இது எப்படி வேலை செய்தது? டர்பனில் செயின்ட் எய்டன் மிஷன் என்று ஆங்கிலிக்கன் சபையார் இந்தியர்களுக்காக நடத்தினார்கள். அதன் தலைவர் டாக்டர் பூத். ஏழைகளுக்கு ஒரு சிறு தர்ம ஆஸ்பத்திரி வைத்தார். காந்தி தினம் காலையில் ஓரிரண்டு மணி நேரம் அங்கே போய் மருந்து கலந்துகொடுத்து, நோயாளிகளின் கதையைக் கேட்டு மருத்துவரிடம் சொன்னார் என்பது அவர் சுயசரிதையிலேயே இருக்கிறது. 1894இல் டர்பனில் வணிகர் தாதா அப்துல்லா வீட்டில் கூட்டம் கூட்டுகிறார்கள், இந்தியரின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்க்க. அதற்கு நேட்டாலில் பிறந்த கிறிஸ்தவ இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர் என்று காந்தி எழுதுகிறார்: கோர்ட்டில் துபாஷியாக இருந்த பால், மிஷன் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் சுபான் காட்ஃப்ரே. துபாஷி, வாத்தியார். இந்த இரண்டு வேலைகளையும் நினைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் எழுத்து வேண்டும். எழுத்து மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. தோட்டத்தில் அடிபட்டவன் கோர்ட்டில் வாய் திறந்தால் அதை இங்கிலீஷில் சொல்ல ஓர் ஆள் தேவை. சபை அந்த ஆளைத் தயாரித்தது, தெரிந்தோ தெரியாமலோ.

ஒப்பந்தக் கூலிகளுக்கு நேட்டாலில் பிறந்த பிள்ளைகளில் ஜோசப் ராயப்பன் என்ற கிறிஸ்தவத் தமிழர் கேம்பிரிட்ஜில் படித்து பாரிஸ்டர் ஆனார். ஆகிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, சத்தியாக்கிரகத்தில் சிறை போனார். 1910இல் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையில் சேர்ந்து, ரயிலில் வரும் மூட்டைகளை இறக்கி வண்டியில் ஏற்றினார். உடம்பு அதற்குப் பழகவில்லை, இருந்தாலும் முடிந்தவரை செய்தார் என்று காந்தி குறித்திருக்கிறார்.

இங்கே கொஞ்சம் கசப்பையும் சொல்ல வேண்டும். காந்தியின் சுயசரிதையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கட்டம் வருகிறது. டர்பனில் அவர் வீட்டில் குமாஸ்தாக்கள் தங்கியிருக்கிறார்கள். அறைக்கு அறை மூத்திரச் சட்டி. பழைய குமாஸ்தாக்கள் அவரவர் சட்டியைக் கழுவிக்கொள்வார்கள். புதிதாக வந்த ஒருவருடையதை வீட்டுக்காரர்கள் கழுவ வேண்டும். அவர் கிறிஸ்தவர், பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்தவர். கஸ்தூரிபாவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணீரோடு சட்டியைத் தூக்குகிறார். காந்தி கோபத்தில் மனைவியின் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப் போகிறார். இதைக் காந்தியின் குணத்துக்கும் கஸ்தூரிபாவின் பொறுமைக்கும் உதாரணமாக ஆயிரம் மேடையில் சொல்லிவிட்டார்கள். மாடியறையில் அந்தக் குமாஸ்தா இருந்தாரே, அவர் காதில் இந்தச் சண்டை விழுந்ததா? வேதத்தில் சேர்ந்தாயிற்று, எழுதப் படிக்கக் கற்றாயிற்று, கடல் தாண்டியாயிற்று, வக்கீல் வீட்டில் குமாஸ்தா வேலையும் கிடைத்தாயிற்று. அப்புறமும் சாதி அவருக்கு முன்னால் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. விசுவாசம் ஒருவருக்குக் கைகொடுக்கும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அது கைகொடுக்கும், ஆனால் எதிரில் இருப்பவரின் கண்ணை மாற்றுகிற வேலையை அதனால் தனியாகச் செய்ய முடியாது.

இன்னொரு கசப்பும் உண்டு. இலங்கைக் காப்பித் தோட்டங்களில் 1854இல் தமிழ்க் கூலி மிஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரே அதுதான். உபதேசியார்களுக்கான செலவில் தோட்ட முதலாளிகளும் பணம் போட்டார்கள். துரை சம்பளம் கொடுக்கிற உபதேசியார் துரைக்கு எதிராக என்ன பேசியிருப்பார்? பணிவு, பொறுமை, திருடாமை ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசியிருப்பார் என்று ஊகிக்கிறேன். கொடுக்கிற கூலி போதுமா என்ற பிரசங்கம் நடந்திருக்காது.

சரி, அந்நிய மண்ணில் வாழ்வதைப் பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது? பழைய ஏற்பாட்டில் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போன யூதர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி ஒரு கடிதம் எழுதுகிறார். அவருடைய புத்தகத்தில் 29ஆம் அதிகாரம். சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டுகிற போலித் தீர்க்கதரிசிகள் அப்போது நிறையப் பேர். எரேமியா அந்த ஆசையை வெட்டுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டுக் கனியைத் தின்னுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், கொண்டுபோன பட்டணம் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்பது கடிதத்தின் சாரம். ஞானதிருஷ்டி என்பதைவிட இதை ஒரு பெரியப்பாவின் காரியப் புத்தி என்றே சொல்வேன்.

நேட்டாலில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஒப்பந்தம் முடிந்த தமிழர்கள் டர்பனைச் சுற்றிக் கிடைத்த துண்டு நிலங்களில் காய்கறி போட்டார்கள். விடியற்காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். மிளகாய், கத்தரி, கீரை, வாழை. படவேட்டு வாழையைப் பார்த்து வளர்ந்தவர் அங்கே கன்று நட்டிருந்தால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இவர்கள் வேரூன்றுவதைப் பார்த்துப் பயந்த அரசு 1895இல் சட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவர்களுக்குத் தலைக்கு மூன்று பவுன் வரி விதித்தது. மாதம் பத்து ஷில்லிங்கில் தொடங்கியவனுக்கு மூன்று பவுன் ஆறு மாதச் சம்பளம். ஒன்று ஊர் திரும்பு, இல்லை மறுபடி ஒப்பந்தத்தில் விழு என்பதே அதன் அர்த்தம். 1913இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது, 1914இல் வரி ஒழிந்தது. பட்டணத்தின் நன்மைக்காக ஜெபம் பண்ணினால் மட்டும் போதாமல், பட்டணத்தின் சட்டத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது.

இதுவரை நம்மவர் போனதைச் சொன்னேன். நம்மிடம் வந்தவர்கள் கதையையும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பேச்சு நொண்டும். ஸ்கடர் குடும்பத்தின் மூத்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார். கல்கத்தாவில் இறங்கியதும் சின்ன மகளைப் பறிகொடுத்தார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் செய்தார். கடைசியில் உடம்பு தேற வேண்டிப் போன இடத்தில் 1855இல் இறந்தார். எங்கே தெரியுமா? தென்னாப்பிரிக்காவில், கேப் பக்கத்து வின்பெர்க்கில். ‘ட்ரூரோ’ கிளம்ப இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி.

மலைக்கு அந்தப் பக்கம் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. 1921இல் அதைத் தொடங்கிய டாக்டர் யேசுதாசன் தமிழர், டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டன் ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் சிநேகிதமானது பிரிட்டனில். அங்கே யேசுதாசன் அந்நியர், இங்கே பேட்டன் அந்நியர். கதர் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, பெரியண்ணன், சின்னண்ணன் என்று ஜனங்கள் கூப்பிட வாழ்ந்தார்கள். கோயிலைக்கூட நம் கோபுரக் கோயில் பாணியில் கட்டினார்கள். 1932இல் சென்னையில் அந்நியத் துணி மறியலின்போது, கதர் கட்டிய வெள்ளைக்காரர் என்பதாலேயே பேட்டன் போலீஸிடம் அடிபட்டார். வந்த இடத்தில் வேரூன்றுவது என்றால் சில சமயம் வந்த இடத்து அடியையும் வாங்கிக்கொள்வது என்று அர்த்தம் போலிருக்கிறது.

இனி இன்றைக்கு வருவோம். ஆரணி, போளூர், கண்ணமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது துபாய், குவைத், சிங்கப்பூர் போகிறார்கள். நர்ஸ் படித்த பெண்கள் இங்கிலாந்து, அயர்லாந்து போகிறார்கள். இவர்களுக்காக நடக்கும் ஜெபங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது. பாஸ்போர்ட்டை மேடைமேல் வைத்து ஜெபம், விசா கிடைத்தால் சாட்சி, கிடைக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று தீர்ப்பு. இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை, ஐதராபாத் பக்கம் சில்கூரில் பெருமாளுக்கே ‘விசா பாலாஜி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். விமானம் ஏறும்வரை ஜெபிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இறங்கிய பிறகு ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஒன்று, கையில் வந்த காகிதத்தில் இருந்தது வேறொன்று என்றால், அப்போது யார் இருக்கிறார்கள்?

என்னிடம் படித்த ஒரு பையன் துபாயில் ஏசி மெக்கானிக்காகப் போனான். முதல் மாதம் அறையில் பன்னிரண்டு பேர், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வெள்ளிக்கிழமை, அப்போது அங்கே வார விடுமுறை வெள்ளிதான், பஸ் பிடித்து ஹோலி டிரினிட்டி கோயில் வளாகத்துக்குப் போயிருக்கிறான். ஒரே வளாகத்தில் ஒவ்வொரு மண்டபத்திலும் ஒவ்வொரு பாஷை, ஒரு சபை முடித்து வெளியே வர அடுத்த சபை உள்ளே போகும். தமிழ் ஆராதனை முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில்தான் நிஜமான சபை கூடியது என்றான் அவன். ஒருவர் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார். ஒருவர் அவன் ஒப்பந்தக் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்து, ஓவர்டைம் எங்கே எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். “பாஸ்போர்ட்டைக் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை தம்பி, கேட்டு வாங்கு” என்றார் இன்னொருவர். பிரசங்கம் என்ன என்று கேட்டேன். மறந்துவிட்டது சார் என்றான். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

சவூதியில் கோயில் கட்டவே அனுமதி கிடையாது. அங்கே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டை முணுமுணுப்பாகப் பாடுகிறார்கள். ஜெர்மனியிலோ நேர்மாறு. நெதர்லாந்து எல்லையோரம் கேவெலார் என்ற மாதா திருத்தலத்துக்கு 1987 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் ஈழத்தமிழர்கள் திரள்கிறார்கள். கத்தோலிக்கர்களோடு சைவக் குடும்பங்களும் வருகின்றன, மடுமாதா கோயிலுக்கு ஊரில் போன மாதிரியே. தமிழில் பூசை, தேர்ப்பவனி, மரத்தடியில் சாப்பாடு, பெண் பார்க்கும் பேச்சு, எல்லாம் உண்டு.

பேச்சை முடிக்கும் முன் இங்கே வந்திருக்கும் சபை ஐயர்மாரிடமும் பங்குச் சாமியார்களிடமும் ஒரு விண்ணப்பம். தென்னாப்பிரிக்காவில் நாலாம் ஐந்தாம் தலைமுறையில் இருப்பவர்கள் கப்பல் பட்டியல் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வட ஆர்க்காட்டுக் கிராமங்களைத் தேடி வருகிறார்கள். அதில் ஊர்ப்பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால் கண்டுபிடிக்கத் திணறுகிறார்கள். உங்கள் பீரோக்களில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. கப்பல் பட்டியலின் சாதிக் கட்டத்தில் கிறிஸ்தவர் என்று எழுதிக்கொண்டவரின் பெயரும், அவருடைய தகப்பன் பெயரும், ஊரும் அவற்றில் இருக்கக்கூடும். செல்லரிக்கிறதற்கு முன்னால் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரைக் கொடுத்தால் நானே வந்து உட்கார்ந்து படித்துக் கொடுக்கிறேன். அந்தக் காலத்துக் கையெழுத்து எனக்குப் பழக்கம். போளூரில் தொடங்கலாம், வசதிப்பட்டால் ஆரணிக்கும் போகலாம்.